பால்சோற்றில் ஒரு பாதாம்

எனக்குள் டேனிஷ் ரத்தம் ஓடுகிறது என்று நிரூபிக்கிறேன் பேர்வழி என்று, என் எச்சிலைக் குழாயில் அடைத்துச் சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய மடையன் நான். "டென்மார்க் கலப்பு துளியும் இல்லை" என்று பதில் வந்துவிட்டது.

அந்த எரிச்சலோடுதான் கிறிஸ்துமஸுக்கு ரங்கூன் பக்கம் இன்சீனில் தங்கை எஸ்தர் வீட்டுக்குப் போனேன். பாலில் அரிசியும் பட்டையும் வேகும் வாசனை, என்னை அப்படியே நாங்கள் வளர்ந்த பழைய ரயில்வே குடியிருப்புக்குத் தூக்கிக்கொண்டு போனது.

டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடிதான் எங்கள் பூர்வீகம். எங்கள் முன்னோரில் ஒருவர் அவர்களுடைய மாலுமி என்பார் அப்பா. அதற்குச் சாட்சி, டேனிஷ்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் இந்தப் பால்சோறு. உள்ளே ஒரே ஒரு பாதாம் ஒளிந்திருக்கும். கிடைத்தவருக்குப் பரிசு. ஆனால் பானை காலியாகும்வரை அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மூச்சுவிடக் கூடாது. அத்தை ஆசையாசையாகக் கிண்ணம் கிண்ணமாகத் தின்பார். பாதாமோ எப்போதோ அப்பா வாய்க்குள் போயிருக்கும். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கக்கா, அடியில கெடக்கும்" என்பார், பால் வடியும் முகத்தோடு.

இதையெல்லாம் ஒரு குழாய் எச்சில் பொய்யாக்குவதா? சாப்பிடும்போதே வெடித்தேன்.

"எவனோ மெஷினப் பாத்துச் சொன்னா நம்ம அப்பா பொய்யரா? அப்ப இந்தப் பாதாம நமக்கு யாரு சொல்லிக்குடுத்தா? நீயே சொல்லு எஸ்தர்! இன்னொரு கிண்ணம் போட்டுக்கிட்டுச் சொல்லு!"

எஸ்தர் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல கன்னத்துல இருக்குற பாதாமைத் துப்புண்ணே."