செல்லரித்த அரைப் பக்கம்

எங்கள் அக்கா ஒரு பதிப்பகத்தில் பதினேழு வருடமாகத் தட்டச்சு செய்கிறாள். பழைய நாவல்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. அதிலும் அந்தக் காலத்துப் பெண்கள் எழுதியது என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அடுப்பையும் ஒரு கண் பார்த்துக்கொண்டு எழுதினார்களாம். உனக்குத்தான் மேஜை நாற்காலி எல்லாம் இருக்கிறதே, நீயும் எழுதேன் என்று மாடியில் குடியிருந்துகொண்டு அவள் சமையலையே சாப்பிடும் தங்கை நான் சீண்டினால், பாத்திரம் கழுவப் போய்விடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் டைரிகளை நான் திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் முதல் நாலு பக்கம் கதை, பிறகு வெறும் தாள்.

போன வருடம் ஒரு நாவல் வந்தது. எழுதிய அம்மாள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. எடிட்டர் அம்மா எங்கெங்கோ அலைந்து பிடித்துவந்த பிரதி அது ஒன்றுதான். அதன் கதாநாயகி புருஷனோடு ஒத்துப்போகாமல் வீட்டை விட்டு வெளியேறி, ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்கிறாள். ஆறு மாதம் கழித்துத் தன் புத்தகங்களை எடுத்துப்போகத் திரும்பி வருகிறாள். புருஷன் கதவைத் திறக்கிறான். சரியாக அந்த இடத்தில் அரைப் பக்கம் செல்லரித்துப் போயிருந்தது. அடுத்த பக்கத்தில் அவள் பெட்டியோடு தெருவில் நடக்கிறாள்.

இப்படி வந்தால் விட்டுப்போன இடத்தில் வரிசையாகப் புள்ளி வைத்துவிட்டு எடிட்டரிடம் சொல்ல வேண்டும். எங்கள் அக்கா புள்ளி வைக்கவில்லை. மூன்று வாரம் அந்த நடையிலேயே ஊறிக் கிடந்த தைரியத்தில், பதினொரு வரியைத் தானே எழுதிச் சேர்த்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவள் முகத்தில் இருந்த களையை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

அது நாலு நாள்தான். எடிட்டர் அம்மா திருத்திய தாள்கள் திரும்பி வந்தன. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை; அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தது. செத்துப்போன ஒருத்தியின் புத்தகத்தில் தன் சரக்கைக் கலந்துவிட்டோமே என்று அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் வேறு. யாருக்கும் தெரியப்போவதில்லை, வாயை மூடிக்கொண்டு இரு என்றுதான் நான் சொன்னேன். நல்லவேளை, அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை எடிட்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"தெரியும்மா. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பார்க்கத்தான் குறி போடாம அனுப்பினேன்" என்றார் அவர்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடை இடித்துவிட்டதா என்று கேட்டாள்.

"நடை அச்சு அசலா இருக்கு. ஆனா நீங்க எழுதினதுல அவ அழுது மன்னிப்புக் கேக்கறா. இந்த முந்நூறு பக்கத்துல எந்தப் பொம்பளையும் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்கலியே. அது உங்க குணம்."

வேலை போகவில்லை. நாவலில் அந்த அரைப் பக்கம் காலியாகவே அச்சானது, கீழே ஒரு சின்னக் குறிப்போடு. பதினொரு வரி இருந்த தாளை எடிட்டர் அம்மா அக்கா கையிலேயே கொடுத்து, இதை வைத்துச் சொந்தமாக ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டு வருவாள் என்று காத்திருந்தேன். சிரித்துக்கொண்டு வந்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். நாற்பது பக்கம் தாண்டிவிட்டது. போன வாரம் பசி தாங்காமல் கதவைத் தட்டி, இன்னும் சமையல் ஆகவில்லையா என்று கேட்டேன். எழுதுவதை நிறுத்தாமல், "அரிசி டப்பால இருக்கு. எனக்கும் சேர்த்து வை" என்றாள்.

கோபப்பட்டிருக்க வேண்டியவள் நான், சந்தோஷம் தாங்காமல் இரண்டு பேருக்கும் உலை வைத்தேன்.