செம்புக்காசில் களிம்பு

என் கணவருக்குப் பார்வை மங்கிய பிறகுதான் நான் காசுகளை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். அதற்கு முன்னால் அவை எனக்கு அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஆல்பங்கள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்விட்டு வியர்வையும் தூசியுமாக வருவார். சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய ரூபாயை எடுத்து, விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுவார். சோறு ஆறிக் கிடக்கும்.

குவைத்தில் அவருக்கு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை. நான் ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு பேருக்கும் கன்னியாகுமரிக் கடற்கரைதான் ஊர். அப்பாசியாவில் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் கல்யாணமான நாளிலிருந்து இருக்கிறோம். மகள் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஒரு காலத்தில் இந்திய ரூபாயும் அணாவுமே இந்த அரபு நாட்டுப் பக்கமெல்லாம் புழங்கியிருக்கின்றன. பழைய வீடுகளை இடிக்கும்போது அவை வெளியே வரும், சந்தைக்கு வந்துசேரும். அப்படித்தான் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. வளைகுடா முழுக்க இருக்கும் தமிழ் ஆட்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸாப் குழு ஒன்றும் இருந்தது. அதில் யாராவது ஒரு காசின் படத்தைப் போட்டால், அதில் என்னென்ன கெட்டிருக்கிறது என்று இவர் எழுதுவார். அவர் எழுதினால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள்.

சர்க்கரை அவருக்குப் பல வருடமாக இருந்தது. ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், கண்ணுக்குள் நூலாம்படை தொங்குகிறது என்றார். பிறகு ஊசி, லேசர், ஆபரேஷன் என்று ஒரு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரிகளிலேயே கழிந்தது. இடது கண் முழுவதும் போயிற்று. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. வேலை போனது. அவர் விசாவை என் விசாவுக்குக் கீழே மாற்றினோம். நான் ட்யூட்டிக்குப் போனால் அவர் சோபாவில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருப்பார்.

ஒருநாள் சாயங்காலம் அவரே கேட்டார்: “பிள்ளே, அந்த ஆல்பத்த எடு. எனக்கு ஒவ்வொண்ணா பாத்துச் சொல்லுதியா?”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் எதையாவது கேட்டே வெகு காலமாகியிருந்தது. லென்ஸை எடுத்துக்கொண்டு டேபிள் லைட்டைப் போட்டேன். முதலில் வந்தது ராஜா தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாய்.

“கீறல் இருக்கு” என்றேன்.

“என்ன கீறல்?”

“கீறல்தான். அதுக்கென்ன பேரு?”

“ஒத்தக் கீறலா, மயிரிழை கணக்கா நெறய இருக்கா?”

சாய்த்துப் பார்க்கச் சொன்னார். சாய்த்தேன். வெளிச்சம் பட்டதும் முகம் முழுக்க மெல்லிய கோடுகள் ஒரே பக்கமாக ஓடுவது தெரிந்தது. சொன்னேன்.

“அது கழுவின காசு. பளபளன்னு ஆக்கதுக்கு எவனோ பல்பொடி போட்டு தேச்சிருக்கான். நான்தான் வாங்கினேன், ஆரம்பத்துல, ஒண்ணும் தெரியாத்த காலத்துல. அடுத்தது.”

இப்படித்தான் கற்றுக்கொண்டேன். தேய்மானம் என்றால் உயரமான இடத்தில்தான் முதலில் விழும்: ராஜாவின் கன்னம், தாடி, கிரீடத்தின் முத்து. பல பேர் கை பட்டுப் பட்டு வருவது அது. அதை அவர் குறையாகவே எண்ணமாட்டார். அடி என்றால் எங்கே வேண்டுமானாலும் விழும். அச்சடித்த இடத்திலேயே சாக்கில் கொட்டும்போது ஒன்றோடொன்று இடித்து விழுவதற்குப் பையடி என்று பெயர் வைத்திருந்தார். கீழே விழுந்து ஓரம் நசுங்கியிருந்தால் விளிம்படி. மாலையில் கோத்திருந்த காசு என்றால் தலைக்கு மேலே வளையம் பற்றவைத்த தடம் இருக்கும். அதைப் பிறகு எவ்வளவு ராவினாலும் அந்த இடம் மட்டும் வழவழவென்று காட்டிக்கொடுத்துவிடும். நான் சும்மா “கொஞ்சம் அடிபட்டிருக்கு” என்றால் விடமாட்டார். எங்கே, எவ்வளவு ஆழம், பழைய காயமா, புதுக் காயமா என்று கேட்பார். பழைய காயத்துக்குள்ளே நிறம் மங்கியிருக்கும். புதியது உள்ளே மினுங்கும்.

ஆஸ்பத்திரியில் நான் படுக்கைப் புண்களைப் பார்த்து நீளம், ஆழம், ஓரம், நிறம் என்று எழுதுகிறவள்தான். அந்தக் கவனம் இவரிடம் மட்டும் எனக்கு வரவில்லை. கண் டாக்டர் சொன்னதை அவருக்குச் சொல்லும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ‘லேசா’ சேர்த்துவிடுவேன். லேசா ரத்தம் கசிஞ்சிருக்கு, லேசா தழும்பு கட்டியிருக்கு. ஒருமுறை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றுவிட்டார்.

“டாக்டர் லேசான்னு சொல்லேல்ல. எனக்கு கண்ணுதான் இல்ல, காது இருக்கு.”

“சரி, சொல்லேல்ல.”

“அப்பம் என்ன சொன்னாரு?”

“ஆழமான தழும்பு, வெலக்க முடியாது. வெலக்கினா இருக்கிற வெளிச்சமும் போயிரும்ன்னாரு.”

தலையை ஆட்டினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதன் பிறகு நான் ‘லேசா’ சேர்க்கவில்லை.

செம்புக்காசு ஆல்பத்தை நாங்கள் கடைசியாகத்தான் எடுத்தோம். அவர் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார். அதில் மஸ்கட் கால் அணா ஒன்று இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் பழசு. அரபி எழுத்து ஒன்றுகூட மழுங்கவில்லை, அச்சடித்த அன்றைய செம்பின் சிவப்பு, எழுத்துகளின் இடுக்கில் இன்னமும் மிச்சமிருக்கிறது என்று எப்போதும் சொல்வார். குழுவில் அதைக் கேட்காத ஆள் இல்லை.

ஆல்பத்தை எடுத்தபோதே கையில் ஈரம் பட்டது. நாங்கள் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்த அந்த ஒரு வருடத்தில், ஜன்னல் ஏசியின் தண்ணீர் சுவர் வழியாக அலமாரியின் பின்பக்கம் இறங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் உறைகள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. கால் அணாவை வெளியே எடுத்து லென்ஸை வைத்தேன்.

“சொல்லு.”

“எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பச்சையா புள்ளி புள்ளியா இருக்கு.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கரும்பச்சையா, இளம்பச்சையா?”

இரண்டில் ஒன்றுதான் நல்ல பதில் என்று அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. எது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ!

“இளம்பச்சை.”

“பல்குச்சி எடுத்து மெதுவா தட்டிப் பாரு. கல்லு கணக்கா இருக்கா, பொடியா?”

தட்டினேன். மாவு போல உதிர்ந்து டேபிளில் விழுந்தது. விழுந்த இடத்தில் காசில் ஒரு சின்னக் குழி. சொன்னேன். அவர் கையை நீட்டினார், காசைக் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுக்கப் போனேன். டேபிளைத் தடவி, உதிர்ந்த பொடியைத்தான் விரலில் தொட்டுப் பார்த்தார்.

“தின்னுதுட்டி இது” என்றார். கோபத்திலோ துக்கத்திலோ மட்டும்தான் என்னை ‘ட்டி’ போட்டுப் பேசுவார். “கரும்பச்சைன்னா தோலு மாதிரி, காசக் காக்கும். இது வியாதி. உப்பும் ஈரமும் உள்ள எறங்கிட்டு. நிக்காது.”

எங்கள் வார்டில் களிம்பு என்றால் புண்ணுக்குத் தடவுகிற மருந்து. தமிழ் நர்ஸுகள் நாங்கள் தினமும் சொல்கிற சொல். இவர் செம்பைத் தின்கிற பச்சைக்கும் களிம்பு என்றே சொன்னார். ஊரில் பாத்திரம் துலக்கும்போது நானும் அப்படிச் சொன்னவள்தான், மறந்துபோயிருந்தேன்.

மற்றதையும் பார்த்தோம். அந்த ஆல்பத்தில் பாதிக்கு மேல் இளம்பச்சை கண்டிருந்தது.

அவர் சொல்லச் சொல்ல எல்லாம் செய்தேன். உள்ளே இறங்கிய உப்பு கரைந்து வெளியேற, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி வந்து, காசுகளைத் தனித்தனிக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊறவைத்தேன். தினமும் தண்ணீரை மாற்றினேன். ஹேர் டிரையரில் உலர்த்தினேன். சமையலறை மேடை முழுக்க ஐசியூ மாதிரி ஆகிவிட்டது. டீ போட இடமில்லை. சில வாரம் கழித்துக் கால் அணாவை எடுத்துப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. பச்சையே இல்லை என்று கத்தினேன். அவர் சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்ததாக எனக்கு நினைவில் இருப்பது அந்த ஒரு தடவைதான். செப்டம்பர் மாதத்துப் புழுக்கம் வந்தது. அதே குழியில் பொடி மறுபடியும் பூத்திருந்தது, பக்கத்தில் இன்னும் இரண்டு.

அந்தச் சமயத்தில்தான், கையில் இருக்கும் எல்லாவற்றையும் பஹ்ரைனில் இருக்கும் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஈசா டவுனில் குடும்பத்தோடு இருப்பவர், தூத்துக்குடிக்காரர், குழுவில் இவருக்கு நெருக்கம். கால் அணாவைப் பல வருடமாக ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தவர். சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குக் குவைத் வந்தவர், எங்கள் வீட்டுக்கும் வந்தார். இவர் கறுத்த கண்ணாடியோடு வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் வாசலிலேயே தயங்கினார்.

“அண்ணாச்சி, நல்லாருக்கியளா?”

“இருக்கேன். வாரும், உக்காரும். இவ ஒவ்வொண்ணா எடுத்துத் தருவா.”

நான் எடுத்துக் கொடுக்க, இவர் ஞாபகத்திலிருந்தே சொன்னார். இந்த ரூபாய் கழுவினது, ஏமாந்துராதேயும். இதில் கிரீடத்துக்குப் பின்னால் பையடி. இது மாலையில் கிடந்தது. நண்பர் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, “ஆமா அண்ணாச்சி” என்றார். வெள்ளிக் காசுகள் முடிந்தன. செம்பு ஆல்பத்தை நான் நீட்டியதும் அவர் கை நீளவில்லை.

“இதுல களிம்பு பிடிச்சிருக்கு” என்று இவரே சொன்னார். “கால் அணாவுலயும். நான் மறைக்கமாட்டேன். காஞ்ச எடத்துல வச்சா கொஞ்ச காலம் நிக்கும்.”

நண்பர் என் முகத்தைப் பார்த்தார். “மைனி, தப்பா நெனைக்காதிய. எங்கிட்ட நெறய செம்புக்காசு கெடக்கு. இதக் கொண்டுபோய் அதுல சேத்தா…”

“வேண்டாம்” என்றார் இவர், அவரை முடிக்கவிடாமல். “கொண்டுபோவாண்டாம். நானா இருந்தாலும் கொண்டுபோவமாட்டேன்.”

நண்பர் சாப்பிட்டார். மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்று அளவுக்கு மீறிச் சொன்னார். போகும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் ஆஸ்பத்திரியிலும் தொற்று உள்ளவரைத் தனி அறையில்தான் போடுவோம். கோபப்பட ஒருவரும் இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிறகு கிண்ணங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டோம். கால் அணா அவர் சட்டைப்பைக்குப் போனது. ஒருநாள் ட்யூட்டி முடிந்து வந்தபோது அதை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். விரல் நுனியில் பச்சை.

“வேர்வைல உப்பு இருக்கு. தொடாதீங்கன்னு நீங்கதானே சொல்லுவிய?” என்றேன்.

“ஆமா. எழுத்து இன்னும் கையில தட்டுது. தட்டுற வரைக்கும் தட்டட்டும்.”

நான் சோப்புப் போட்டு அவர் கையைக் கழுவிவிட்டேன். காசை வாங்கி வைக்கத் தோன்றவில்லை.

இந்த முறை கண் டாக்டரைப் பார்த்தபோது, இனி அடிக்கடி வரவேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றார். அதன் பொருள் எனக்குத் தெரியும். இவருக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் இந்த முறை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். கறுத்த கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

“பிள்ளே, என் கண்ணு இப்பம் பாக்க எப்பிடி இருக்கு? உள்ளதச் சொல்லு.”

பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. ஆபரேஷன் செய்த தடம்கூடத் தெரியவில்லை. கல்யாணத்தன்று பார்த்த அதே கண். என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

“ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“சும்மா சொல்லுதியா?”

“இல்லங்க. சத்தியமா ஒண்ணும் தெரியல்ல.”

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கீழே ஆஸ்பத்திரி பஸ் ஹாரன் அடித்தது. டீ ஃபிளாஸ்க்கை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனேன்.