ஊருக்குப் போயிருக்கிறான்

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு நான் ஆடிட்டர். கடைக் கணக்கை எழுதிவந்த அவருடைய ஒரே மகன் பெசன்ட் நகர் கடலில் மூழ்கி இறந்த வருடம், வருமான வரிக் கணக்கைத் தாமதமாகத்தான் கொடுத்தோம். அபராதம் போட்டுவிட்டார்கள்.

“தகுந்த காரணம் காட்டினா தள்ளுபடி பண்ணிடுவா. பையன் போனதை எழுதிண்டு வாங்கோ” என்றேன்.

‘மகன் ஊருக்குப் போயிருக்கிறான்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் வந்தது. இதை எந்த அதிகாரி ஒத்துக்கொள்வான்?

அதிகாரி படித்துவிட்டு, “எப்ப வருவார்?” என்று கேட்டார்.

இறப்புச் சான்றிதழை எடுக்க என் பையைத் திறந்தேன். அதற்குள் அண்ணாச்சி சொன்னார்: “தீவாளி வியாபாரத்துக்கு வந்துருவான் சார்.”

பையை மூடிவிட்டேன். அபராதத்தை அவர் கட்டினார்.

அந்தத் தீபாவளிக்கு அவர் கடைப்பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை.