அம்மாவை ஒளித்துவைக்கும் விளையாட்டு

எனக்கு ஐந்து வயது முடிந்த ஆண்டில், கொடைக்கானலில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தின் குழந்தைகள் வகுப்புக்குப் புது டீச்சர் ஒருவர் வந்தார். வந்த வாரமே எங்கள் சிலேட்டுகளையெல்லாம் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இந்த வகுப்பில் இனி யாரும் எழுத வேண்டாம், விளையாடினால் போதும் என்றார். அதுவரை எழுத்து வராததற்காகக் காது திருகு வாங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு இதில் ஏதோ சூது இருப்பதாகவே பட்டது. முதல் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தோம்.

மூன்றாம் நாள் ஒருவன் மணல் தொட்டியில் கையை விட்டான். யாரும் அடிக்கவில்லை. அப்புறம் எங்களைப் பிடிக்க ஆளில்லை. சாலையோரம் உதிர்ந்து கிடக்கும் யூகலிப்டஸ் காய்களையும் பைன் காய்களையும் மடி மடியாகப் பொறுக்கி வந்து கொட்டினோம். எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டோம். வகுப்பின் கடைசியில் ‘வீட்டு மூலை’ என்று ஓர் இடம் இருந்தது. அங்கே சொப்புச் சாமான்கள், மண் அடுப்பு, இரண்டு துணிப் பொம்மைகள், டீச்சரின் பழைய சால்வை ஒன்று. டீச்சர் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டே இருப்பார். குறுக்கே பேச மாட்டார். பிள்ளைகள் வீட்டில் கண்டதைத்தான் விளையாடுவார்கள், விளையாடியதைத்தான் கற்றுக்கொள்வார்கள் என்பது அவருடைய கட்சி.

அப்பாவுக்கு இது ரசிக்கவில்லை.

“வெளையாடுறதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? வாசல்லயே கெடந்து வெளையாடலாமே” என்றார்.

அம்மாதான் விடவில்லை. “போகட்டுங்க. இங்க இருக்குறதுக்கு அது அங்கயே இருக்கட்டும்” என்றாள். இங்கே இருந்தால் என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அப்பா ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் சமையல்காரர். பங்களாவில் வயதான ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி தனியாக இருந்தாள். பின்பக்கம் பேரிக்காய் மரங்களுக்கு நடுவில் எங்களுக்கு ஒன்றரை அறை. துரைசாணியின் துணிகளை வெளுத்து இஸ்திரி போடுவது அம்மாவின் வேலையாக இருந்தது. போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு இருமல் வந்தது. மழை போயிற்று, இருமல் போகவில்லை. பனிக்காலத்தில் இருமும்போது துணியில் சிவப்பாக ஒட்ட ஆரம்பித்தது. பங்களாவில் சமைக்கிறவன் வீட்டில் சய நோய் என்று தெரிந்தால் மறுநாளே வேலையும் போகும், கூரையும் போகும். ஆடலூரில் இருந்த மாமா, தன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் அம்மாவை அழைத்து வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். ஆகவே அப்பா ஒரு காரியம் செய்தார். அம்மா ஆடலூருக்குப் போயிருப்பதாகத் துரைசாணியிடம் சொல்லிவிட்டு, அம்மாவை அந்த அரை அறையிலேயே ஒளித்துவைத்தார்.

ஐந்து மாதம் அம்மா வெயிலில் நிற்கவில்லை. குறுக்கே ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் பாய். அம்மாவுக்கென்று ஆணியால் கோடு கீறிய தட்டு ஒன்று, தம்ளர் ஒன்று. இருமுகிற துணியைச் சாயங்காலம் அப்பா அடுப்பில் போட்டுவிடுவார். பஜாரில் ஒரு கம்பவுண்டரிடம் யாருக்கோ என்று சொல்லி மருந்து வாங்கி வருவார். எனக்கும் ஒரு சோலி இருந்தது. துரைசாணி நாயோடு தோட்டத்தில் நடக்க வரும்போது நான் வாசலில் நின்று சத்தமாகப் பாட வேண்டும். உள்ளே அம்மா வாயில் துணியை அடைத்துக்கொள்வாள். துரைசாணி என் பாட்டைக் கேட்டுத் தலையை ஆட்டி ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போவாள். இப்படியொரு நல்ல விளையாட்டு வேறெந்தப் பிள்ளைக்கும் வாய்க்கவில்லை என்று எனக்குப் பெருமை.

யார் கேட்டாலும் அம்மா ஆடலூருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அப்பா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். நான் ஒருவரிடமும் மாற்றிச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். விளையாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டு மூலையில் நான் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் சால்வையைக் கட்டினேன். பெரிய பொம்மையை அதற்குப் பின்னால் படுக்கவைத்தேன். அதற்கென்று ஒரு சொப்புத் தட்டைத் தனியாக வைத்து, வேறு யாரும் தொட்டால் கையைத் தட்டிவிட்டேன். தபால்காரர் மகள்தான் துரைசாணி, அவளுடைய தம்பி நாய். அவர்கள் வரும்போது நான் முன்னால் நின்று பாடுவேன். பொம்மைக்காக ஒருத்தி உள்ளே உட்கார்ந்து இருமுவாள். அவள் இருமிய துணியை நான் மண் அடுப்பில் போட்டுவிடுவேன். பாட்டை மீறி இருமல் கேட்டுவிட்டால் எங்கள் கட்சி தோற்றது. இது மற்றவர்களுக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. மணல் தொட்டியும் வாளியும் சீந்துவாரில்லாமல் கிடந்தன. ஒரு வாரத்தில் வகுப்பே லொக்கு லொக்கு என்று இருமிக்கொண்டிருந்தது.

டீச்சர் முக்காலியை எங்கள் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் நாள் நோட்டில் எழுதினார். இரண்டாம் நாள் பேனாவைத் திறக்கவே இல்லை. அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தத் துணிய எதுக்கும்மா அடுப்புல போடுற?”

“செவப்பாயிருச்சுல்ல டீச்சர்” என்றேன். இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று இருந்தது.

அவர் என்னை வெளியே குழாயடிக்கு அழைத்துப் போய், சோப்புப் போட்டு இரண்டு கையையும் முழங்கை வரை கழுவிவிட்டார். நெடுநேரம் கழுவினார். “நல்லா வெளையாடுற” என்றார். மற்ற யாருக்கும் அவர் கை கழுவிவிட்டதில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று மதியம் அவரே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அப்பா பங்களாவில் வேலையாக இருந்தார். வாசலிலேயே நான் டீச்சரை மறித்துக்கொண்டு, கேட்காமலே சொன்னேன். “அம்மா ஆடலூருக்குப் போயிருக்கு டீச்சர்.” பிறகு சத்தமாகப் பாடவும் ஆரம்பித்தேன். அவர் என் பாட்டைக் கடைசி வரை கேட்டார். பாட்டு முடிந்த பிறகு கம்பளிக்குப் பின்னால் அம்மா ஒருமுறை இருமினாள். டீச்சர் திரும்பி நடந்தார். எங்கள் கேட்டைத் தாண்டியதும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

“அவுக எதுக்குப் பாப்பா வந்தாக?” என்று கம்பளிக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்.

நான் நன்றாக விளையாடியதற்காக என்றேன். என்ன விளையாட்டு என்று கேட்டாள். நான் சொல்லவில்லை, செய்தே காட்டினேன். பாடினேன், இருமினேன், கோடு போட்ட தட்டைத் தனியே வைத்தேன், துணியை அடுப்பில் போட்டேன். அம்மா கம்பளியை விலக்கிவிட்டு முழுவதையும் பார்த்தாள். என்னை அடிக்கவோ அழவோ இல்லை. “எல்லாப் பிள்ளைகளுமா வெளையாடுனீங்க?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு இருமலும் வந்தது. இருமல் அடங்கியதும், “இத அப்பாகிட்ட மட்டும் காட்டாத. எப்பவும் சொல்லாத. நான் சொல்லிக்கிறேன்” என்றாள்.

சாயங்காலம் அப்பா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

“பாப்பாவ விட வந்த டீச்சர்கிட்ட நாந்தாங்க எல்லாஞ் சொன்னேன். இந்த இருட்டுல இனிமே என்னால கெடக்க முடியாது.”

அப்பா நெடுநேரம் ஒரு செருப்போடு நின்றார். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல” என்றார். அம்மா பொய் சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் இந்த வீட்டில் நோய் வந்ததிலிருந்து எல்லோரும் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். இதுவும் விளையாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளனே மிஷன் வேன் ஒரு நர்ஸோடு கேட்டுக்குள் நுழைந்தது. துரைசாணி மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி தூரத்தில் நின்றாள். கோபமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தோட்டக்காரனைக் கூப்பிட்டு, அப்பா சமைத்த பாத்திரங்கள் அத்தனையையும் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் நாங்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு வெளிச்சத்தில் வந்த அம்மாவைப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. அவ்வளவு சிறுத்திருந்தாள். வேனில் ஏறி உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

மதுரைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அம்மா மூன்று மாதம் இருந்தாள். நானும் அப்பாவும் ஆடலூரில் மாமா வீட்டுக் காப்பிக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டோம். அம்மாவைப் பார்க்கப் போகலாம் என்று நான் நச்சரிக்கும்போதெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“அவளாத்தான போனா. இருக்கட்டும்.”

அவர் ஒருமுறைகூடப் போகவில்லை. செய்தி வந்த பிறகுதான் போனார். அப்போது பார்ப்பதற்கு அம்மா இல்லை, கையெழுத்துப் போட்டு வாங்க ஒரு துணிப்பைதான் இருந்தது.

டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? அப்பா மேல் வெகுகாலம் இருந்தது. வேலை போனதற்கும் வீடு போனதற்கும் அம்மாவைத்தான் அவர் கடைசி வரை குற்றம் சொன்னார். ஆடலூர்க் கொட்டகையில் அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அடுத்த பஸ்ஸிலேயே மதுரைக்குப் போயிருப்பார், அம்மாவும் அவரைப் பார்த்திருப்பாள். அப்பாவிடம் சொல்லாதே என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நல்ல பிள்ளை, சொல்லவே இல்லை.