விருது வாங்கப் போன வியாழக்கிழமை

'சுற்றுச்சூழல் மற்றும் இயற்கை வள மேலாண்மைச் சட்டத்தில் சிறந்த பணிக்கான விருது' என்று கடிதத்தில் போட்டிருந்தது. இரண்டு தடவை படித்த பிறகுதான் அது எனக்கு என்பது உறைத்தது. அப்படியொரு சட்டத்தில் நான் பணி செய்துகொண்டிருக்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நாமக்கல் கோர்ட்டில் எல்லோரும் அதைக் 'கிணத்துக் கேஸ்' என்றுதான் சொல்வார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் வக்கீலாகி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. சேந்தமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரி ஒன்று, கழிவுத் தண்ணீரை ஓடையில் விட்டுக்கொண்டிருந்தது. ஓடையை ஒட்டிய கிணறுகளில் புளித்த வாடை. தொட்டியில் ஊற்றினால் மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். மூன்று விவசாயிகள் என்னைத் தேடி வந்தார்கள். மூவரில் மூத்தவருடைய கிணறு ஓடைக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது.

"எனக்கு இந்தக் கிணறு ஒண்ணுதானுங்க அம்மணி. இதுவும் போச்சுன்னா மாட்டை அவுத்து உட்டுட்டு லாரிக்குக் கிளீனராப் போக வேண்டியதுதான். இந்த வயசுல எவன் சேத்துக்குவான்?" என்றார்.

வழக்குப் போட்டேன். வழக்கு முடியும்வரை ஓடையில் கழிவை விடக் கூடாது என்று இடைக்காலத் தடை கேட்டு வாங்கினேன். ஒரு மழைக்காலம் போனதும் கிணறு தெளிந்தது. அவர் ஒரு தூக்குப்போசியில் தண்ணீர் கொண்டுவந்து, என் எதிரிலேயே குடித்துக் காட்டினார்.

இடைக்காலத் தடைக்கு ஒரு குணம் உண்டு. அடுத்த வாய்தா வரைக்கும்தான் அதற்கு உயிர். ஒவ்வொரு வாய்தாவிலும் எழுந்து, தடையை நீட்டிக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்டால் நீதிபதி ஒரு வரி எழுதுவார். கேட்காவிட்டால் அன்றோடு அது முடிந்தது. ஒன்றரை வருடமாக அந்த ஒரு வரியை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுமளவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விருது கொடுக்கும் வக்கீல்கள் அமைப்பு சேலத்தில் விழா வைத்திருந்தது. தலைமை தாங்குகிறவருக்கு ஒழிந்த நாள் ஒரு வியாழக்கிழமை. அன்றுதான் கிணத்துக் கேஸுக்கும் வாய்தா. வர இயலவில்லை என்று நான் எழுதிப் போட்டிருக்க வேண்டும். எனக்கு ஆசை விடவில்லை. முதன்முதலில் கருப்பு கவுனோடு நான் கோர்ட்டுக்குள் நுழைந்தபோது, யாருக்கு டிபன் கொண்டுவந்தாய் என்று கேட்ட ஊர் இது. வக்கீல்கள் எழுந்து நின்று எனக்குக் கைதட்டுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்றிருந்தது.

எங்கள் கோர்ட்டில் ஒரு வழக்கம். கல்யாணம், சாவு, காது குத்து என்று எதிர்க்கட்சி வக்கீல் வாய்தா கேட்டால் யாரும் மறுக்க மாட்டோம். பேக்டரிக்காக வாதாடிய மூத்த வக்கீல் அவராகவே என் மேஜைக்கு வந்தார். "தாராளமாப் போயிட்டு வாங்க அம்மணி. வாய்தாவுக்கு நான் ஆட்சேபணை சொல்ல மாட்டனுங்க" என்றார். எனக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று. பக்கத்து அறை வக்கீல் தோழியிடம், "எழுந்து ஒரு வாய்தா வாங்கிடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை காலை பட்டுப்புடவையில் பஸ் ஏறினேன்.

பாதி வழியில், ஆண்டகளூர் கேட் தாண்டும்போதுதான் அந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. வாய்தா வாங்கச் சொன்னேன். தடையை நீட்டிக்கக் கேட்கும்படி சொன்னேனா?

சொல்லவில்லை. எனக்குப் பழகிப்போன வரி, அவளுக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன். அவள் இந்தக் கேஸ் கட்டை ஒருநாளும் பிரித்துப் பார்த்தவளில்லை. பஸ்ஸை நிறுத்தி இறங்கலாமா என்று கைப்பிடியைப் பிடித்து எழுந்தேன். "டிக்கெட் சேலத்துக்குங்களே?" என்றார் கண்டக்டர். உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததற்காக இன்றுவரை என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

சேலத்தில் இறங்கி நேரே தபாலாபீசுக்கு ஓடி நாமக்கல் வக்கீல் சங்கத்துக்கு டிரங்க் கால் போட்டேன். பத்தரைக்குக் கோர்ட் கூடிவிடும். மணி பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. பட்டுப்புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒருவழியாகக் கிடைத்தபோது யாரோ எடுத்தார்.

"கிணத்துக் கேஸுங்களா? வாய்தா ஆயிருச்சுங்க. மூணு வாரம்."

"தடையை நீட்டிச்சாங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்…" என்பதோடு லைன் அறுந்துபோயிற்று. அதற்குள் விழாக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்து அழைத்துப்போய்விட்டார்.

மேடையில் என்னைப் பற்றி வாசித்தார்கள். 'இவர் பெற்ற தடையாணை இன்றும் பல விவசாயிகளின் கிணறுகளைக் காத்து நிற்கிறது' என்றார்கள். இன்றும் என்ற சொல்லில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். வக்கீல்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எத்தனை பேர் என்றுகூட நான் பார்க்கவில்லை. கேடயம் கைக்கு வந்தபோது, மணி என்ன, அடுத்த பஸ் எப்போது என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. அப்போதுதான் நாலாவது வரிசையில் என் கட்சிக்காரர்கள் மூவரையும் கண்டேன். சலவை வேட்டியில் வந்திருந்தார்கள். மூத்தவர் கைதட்டிய கையைக் கீழே இறக்கவே இல்லை.

"உங்களைப் பாக்கத்தான் வந்தமுங்க அம்மணி," என்று, நான் மேடையை விட்டு இறங்கியதும் மூத்தவர் ஒரு செவ்வந்தி மாலையைக் கையில் கொடுத்தார். "இனிப் பயமில்லீங்க."

சாப்பாட்டுக்கு நிற்காமல் பஸ் பிடித்தேன். நாமக்கல் வந்து சேர்ந்தபோது நீதிபதி எழுந்து போயிருந்தார். பெஞ்ச் கிளார்க் டைரியைத் திருப்பிக் காட்டினார். வாய்தா என்று மட்டும் எழுதியிருந்தது. வெளியே, பேக்டரியின் மூத்த வக்கீல் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"நான் சொன்ன மாதிரி ஆட்சேபணை சொல்லலீங்க. நீங்க கேக்காததை உங்களுக்காக நான் கேக்க முடியுங்களா?" என்றார்.

ஆத்திரம் பொங்கியது. ஆனால் அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

புது மனுப் போட்டுத் திங்கட்கிழமை தடையைத் திரும்ப வாங்கினேன். அதற்குள் நாலு நாள் கழிவு ஓடிவிட்டது. மூத்தவரின் கிணறு தெளிய இன்னொரு மழைக்காலம் வேண்டியிருந்தது. இரண்டு மாடுகளை விற்றார். ஆனால் எனக்கு மறக்காதது வெள்ளிக்கிழமை காலை.

நான் ஆபீசைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றிருந்தார். வேட்டி ஓரமெல்லாம் சேறு. "பேக்டரிக்காரன் நேத்துச் சாயங்காலமே கழிவைத் தொறந்து உட்டுட்டானுங்க அம்மணி. தடை இருக்கயிலயே உட்டுட்டான் பாருங்க!"

நான் உள்ளே போய், ராத்திரியே டைப் அடித்து வைத்திருந்த புது மனுவை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"தப்பு எங்க பேர்லதானுங்க," என்றார். "தினம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஓடை வாயில காவல் இருப்பமுங்க. நேத்து மூணு பேரும் கைதட்டோணும்னு கிளம்பி வந்துட்டம். ஆளிருந்தா அவன் தொறந்திருக்க மாட்டான். உங்களுக்குக் கிடைச்ச பேரையும் நாங்க கெடுத்துப்போட்டம். மன்னிச்சுக்கோணுமுங்க."

தடை வியாழக்கிழமையே செத்துப்போயிற்று, அதைச் சாகவிட்டது நான் என்பதெல்லாம் புது மனுவில் இருந்தது. மனு ஆங்கிலத்தில் இருந்தது. காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பரவாயில்லீங்க," என்று அவரை மன்னித்தேன்.