ஜன்னல் பக்கம் திரும்புகிறவர்

திருமங்கலத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில்தான் அந்தக் கிளார்க்கம்மாவைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய வயது, கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி, மதியத்துக்குள்ளேயே களைத்துவிட்ட முகம்.

மகளின் டி.சி.க்காகப் போயிருந்தேன். சாயங்காலத்துக்குள் அதைச் சிம்மக்கல்லில் புதுப் பள்ளியில் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். அன்றைக்குப் பார்த்து ஆபீஸுக்குப் புது பிரிண்டர் வந்திருந்தது. அதைச் சேர்க்க வேண்டுமானால் தலைமையாசிரியரின் பாஸ்வேர்டு வேண்டும் என்றது கம்ப்யூட்டர். அந்தம்மாவின் கணக்கில் டைப் அடிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். புதிதாக எதையும் சேர்க்க முடியாது. தலைமையாசிரியரோ மீட்டிங்கில் இருந்தார்.

"அந்த பாஸ்வேர்டு ஒங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் சார். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக்கிட்டேதான் அடிப்பாரு. எம்புட்டு நாளாக் காதுல விழுது."

"அப்ப அடிச்சிர வேண்டியதுதான? பிள்ளைக்கு இடம் போயிரும்மா."

"எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது சார். தெரிஞ்சா சங்கடப்படுவாரு. செத்த பொறுங்க, வந்துருவாரு."

எனக்கு எரிச்சலாக வந்தது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாகத் தலைமையாசிரியர் வந்தார். அந்தம்மா எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தபடி நின்றார். தலைமையாசிரியர் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லி அடித்தார்.

டி.சி.யோடு ஓடிப்போய் பஸ் ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: அவர் அடித்து முடிக்கும்வரை நானும் அந்தம்மாவுக்குப் பக்கத்தில் நின்று சைக்கிள்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.