பந்தடித்த முழங்கால்

என் வலது முழங்கால் பழுதான நாளில் என்னை யாரும் இடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குருநகர்ப் பெடியன் ஒருவன் வேண்டுமென்றே என்னை விழுத்தினான் என்று ஊரில் இரண்டு பேர் கனகாலம் சொல்லித் திரிந்தார்கள். அவன் எனக்கு நாலு முழம் தள்ளி நின்றான். நான் என்பாட்டில் திரும்பினேன். உடம்பு திரும்பியது, சப்பாத்து திரும்பவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. சண்டிலிப்பாயில் நாங்கள் வெறுங்காலோடு பந்தடித்தவர்கள். கொழும்பில் ஒரு அரசாங்கத் திணைக்களம் தன் உதைபந்தாட்ட அணிக்கு ஆள் எடுக்கிறது, எடுபட்டால் உத்தியோகமும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருந்தேன். வைகாசியில் தெரிவு, வரச் சொல்லிக் கடிதம் வந்தது. சப்பாத்துப் போட்டுத்தான் விளையாட வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஒருவரிடம் இரவல் வாங்கினேன். பெரிதாக இருந்தது. முன்பக்கத்தில் கடதாசியை அடைத்துப் போட்டுப் பழகினேன். தை மாதத் தொடக்கத்தில் குருநகர் அணியோடு ஆட்டம். முதல்நாள் பெய்த மழையில் மண் இளகியிருந்தது, சப்பாத்தின் அடிக் குமிழ்கள் அதில் புதைந்து நின்றுவிட்டன. முழங்காலுக்குள் கயிறு அறுந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. நோவு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

அம்மா முறிவு வைத்தியரிடம் போகச் சொன்னா. என் தகப்பனார் அப்பு, "எலும்பு முறியேல்லையே, அவர் எதைக் கட்டுறது?" என்று கேட்டார். அப்பு நான் பந்தடித்து ஒருநாளும் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. மழை பெய்வதை எப்படி எடுத்துக்கொள்வாரோ, என் பந்தடியையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் டொக்டர் அமத்திப் பார்த்தார். உள்பக்கச் சவ்வு பாதி கிழிந்திருக்கிறது, வெட்டத் தேவையில்லை, பயிற்சியால் சரிவரும் என்றார். ஒரு துண்டு எழுதித் தந்து நீண்ட விறாந்தையின் கடைசி அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு கட்டில், சூடு பிடிக்கிற சிவப்பு விளக்கு, பிடித்து நடக்க இரண்டு மரச் சட்டங்கள், மண் நிரப்பிய சின்னச் சின்னப் பைகள். பயிற்சி கொடுப்பவ எனக்கு ஒத்த வயதுப் பெண். கொழும்பில் படித்துவிட்டு வந்தவ. தாதிமாரைக் கூப்பிடுவதுபோல நான் அவவை மிஸி என்றே கூப்பிட்டேன்.

"ரெண்டு மாசம் ஓடக்கூடாது, விளையாடக்கூடாது. படி ஏறுறது, காலை ஊண்டித் திரும்பிறது, ஒண்டும் கூடாது" என்றா மிஸி.

"வைகாசியிலை எனக்குத் தெரிவு இருக்கு."

"அதுக்குத்தான் சொல்லுறன்."

பயிற்சி என்றதும் நான் வேறு ஏதோ எதிர்பார்த்திருந்தேன். கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, தொடையை இறுக்கி அதை அமத்த வேண்டும். பத்து எண்ணி விட வேண்டும். மறுபடி இறுக்க வேண்டும். இவ்வளவுதான். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு நான் சும்மா படுத்திருப்பதுபோல்தான் தெரியும். இரண்டாம் வாரத்திலிருந்து கணுக்காலில் மண்பையைக் கட்டி, காலை நீட்டியபடி தூக்கி இறக்க வேண்டும். தொடை மெலிந்து போயிருந்தது. என்னுடைய தொடையா இது என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன். கவலையாகக்கூட இருக்கவில்லை.

வீக்கத்துக்கு ஐஸ் வைக்கச் சொன்னா. எங்கள் வீட்டில் ஐசுக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியால் வெளிக்கிட்டுக் குருநகர்க் கரைக்குப் போய், மீனுக்குப் போடுகிற ஐசில் ஒரு கட்டியை மரத்தூளும் சாக்கும் சுற்றி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். வீடு வர அரைவாசி கரைந்திருக்கும். மீன் மணம் மட்டும் கரையாது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அந்தச் சாக்கைப் படலைக்கு உள்ளே விடமாட்டா. நான் ஒழுங்கையில் மதிலோடு குந்தவும் ஏலாமல், ஒரு கல்லில் இருந்து காலை நீட்டி ஐஸ் வைப்பேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று விசாரிப்பார்கள். மீன் ஐசில் கால் விறைத்துப்போகும். அந்த நாட்களில் விறைக்காத பகுதி என்று என்னில் அதிகம் இருக்கவில்லை.

மூன்று வாரம் போனது. வீக்கம் வற்றவில்லை. ஒவ்வொரு முறையும் மிஸி ஒரே கேள்விகளைக் கேட்பா.

"விளையாடினனீங்களோ?"

"இல்லை."

"ஓடினனீங்களோ?"

"இல்லை."

நாலாம் வாரம் முழங்காலைச் சுற்றி நாடா வைத்து அளந்துவிட்டு நிமிர்ந்தா. "போன கிழமையைவிடக் கூடியிருக்கு. பொய் சொல்லாதேங்கோ. பின்னேரத்திலை போய்ப் பந்தடிக்கிறியள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு எதிலும் வராத கோபம் அந்த ஒரு சொல்லுக்கு வந்தது. "நான் ஏன் உங்களுக்குப் பொய் சொல்லவேணும்? பந்தை நான் கண்ணாலை கண்டு ஒரு மாசம்" என்று கத்தினேன். அடுத்த கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த கிழவி எழும்பி வெளியே போய்விட்டா. மிஸி என் காலைத் தூக்கித் தன் பக்கம் திருப்பினா. உள்ளங்காலைக் கண்டதும் நிறுத்தினா.

"உது என்ன?"

உள்ளங்காலில் குறுக்காக இரண்டு தழும்பு, காய்ப்புப் பிடித்து மஞ்சளாக இருக்கும். எனக்குப் பதினைந்து வயதிலிருந்தே இருப்பது.

"துலா மிதிக்கிறது."

"எப்ப?"

"விடியப்புறம். இண்டைக்கும் மிதிச்சுப்போட்டுத்தான் வாறன்."

எங்கள் கிணற்றில் பட்டை என்கிற வாளியால் தண்ணீர் அள்ளிப் புகையிலைக்கு இறைத்த காலம். கிணற்றின் மேலே நீண்ட துலா மரம். அதன்மேல் ஒருவர் ஏறி நின்று அங்கும் இங்கும் நடக்க வேண்டும். கிணற்றுப் பக்கம் நடந்தால் மரம் தாழ்ந்து பட்டை தண்ணீருக்குள் இறங்கும். திரும்பி மறுபக்கம் ஏறினால் பட்டை நிறைந்து மேலே வரும். கீழே ஒருவர் நின்று பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். எங்கள் வீட்டில் பட்டை பிடிப்பது அப்பு, மிதிப்பது நான். கால் வழுக்காமல் இருக்க மரத்தில் கொத்திய வெட்டுகள்தான் என் உள்ளங்காலில் இருந்தவை.

"ஏறித் திரும்பி, ஏறித் திரும்பி" என்றா மிஸி. "உதைத்தானே செய்யவேண்டாம் எண்டனான். ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் விளையாடினதோ எண்டுதானே கேட்டனீங்கள். அது வேலைதானே?"

மிஸி கையிலிருந்த மண்பையைக் கட்டிலில் போட்டா. நான் கெட்டித்தனமாகப் பதில் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. எங்கள் ஊரில் பந்தடித்தால்தான் கால் பழுதாகும். வேலை செய்து கால் பழுதானது என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் வாரம் நொண்டிக்கொண்டே துலாவில் ஏறினேன். "ஏலுமோ?" என்று அப்பு கேட்டார். "ஏலும்" என்றேன். இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டோம்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பு பூவரசங் குழையை ஆட்டுக்குக் கட்டிக்கொண்டு நின்றார்.

"துலா மிதிக்கக் கூடாதாம். மிதிச்சால் வைகாசிக்குக் கால் சரிவராதாம்."

"அப்ப மிதியாதை" என்றார்.

அடுத்த நாள் விடிய அப்பு துலாவில் ஏறினார். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்துக்கு மேல். அதுவரை எங்கள் வீட்டுப் பெண்கள் பட்டை பிடித்ததில்லை. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு வந்து பட்டையைப் பிடித்தா. தங்கச்சி வாய்க்காலைப் பார்த்தாள். நான் கிணற்றடியில் சாக்கை விரித்துப் படுத்து முதலில் துவாயை அமத்தினேன், பிறகு மிஸி தந்துவிட்ட மண்பையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டேன். வீட்டுக்குள் படுத்துச் செய்திருக்கலாம். கடிகாரம் இல்லாததால், அப்பு ஒருதரம் போய்த் திரும்பும்வரை காலைத் தூக்கிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குச் சரியாக இருக்கும் என்று கண்டுபிடித்தேன். அவர் கிணற்றுப் பக்கம் நடப்பார், நான் தூக்குவேன். அவர் திரும்பி ஏறுவார், நான் இறக்குவேன். மாசி, பங்குனி முழுக்க அப்படியே போனது. எனக்காக ஒரு மனிசன் ஏறி இறங்குகிறார் என்று அப்போது நினைத்தேனா என்று யோசித்துப் பார்த்தால், இல்லை. எண்ணிக்கையைத்தான் நினைத்தேன்.

பங்குனிக் கடைசியில் வீக்கம் வற்றியது. தொடை பருத்தது. மிஸி சட்டங்களுக்கு இடையில் ஒற்றைக் காலில் நிற்கவைத்து, பிறகு குதிக்கவைத்துப் பார்த்தா. சித்திரையில் ஓடவிட்டா. ஓடத் தொடங்கும் முன்பும் ஓடிய பின்பும் எந்தத் தசையை எப்படி இழுத்துவிட வேண்டும், திரும்பும்போது எப்படி முழங்காலை மடித்துத் திரும்ப வேண்டும் என்று காட்டித் தந்தா. மைதானத்தில் நான் இதைச் செய்யப் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செய்தேன். கடைசி நாளில் நாடா வைத்து இரண்டு தொடையையும் அளந்தா. இரண்டும் ஒரே அளவு.

"இனி உங்கடை கால் உங்கடை பொறுப்பு" என்றா. நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

வைகாசியில் கொழும்புக்குப் போனேன். என் அளவுக்குச் சரியான சப்பாத்து ஒன்று அப்பு புகையிலை விற்ற கையோடு எடுத்துத் தந்திருந்தார். முழு நேரமும் விளையாடினேன். முழங்கால் ஒரு இடத்திலும் பிசகவில்லை. திரும்பினேன், குதித்தேன், விழுந்தேன், எழும்பினேன். பட்டியலில் என் பெயர் இல்லை. தெரிவு செய்தவர் நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உம்மில ஒரு பிழையும் இல்லை தம்பி, மற்றவை உம்மைவிடக் கெட்டிக்காரர்" என்றார். அது உண்மை. நானே மைதானத்தில் நின்று கண்டேன். கால் நொந்து தோற்றிருந்தால் ஊரில் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். அந்தக் கதையும் இல்லாமல் ரயில் ஏறினேன். யன்னலோரம் கிடைத்தது. வழி முழுக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

படலையில் அப்பு நின்றார்.

"கால் எப்பிடி?"

"கால் நல்லம். எடுபடேல்லை."

"கால் நல்லமெண்டால் சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். கண்டேன். கேட்கவில்லை. அடுத்த நாள் விடிய நான் துலாவில் ஏறினேன். அவர் பட்டை பிடிக்க நின்றபோதும் அந்தக் கால் மடியாமல் நின்றது. அப்போதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "ஏலும்" என்றுதான் சொல்லியிருப்பார் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அவருக்குச் சொன்னதும் அதே சொல்தானே.

பிறகு ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. இயந்திரம் வைத்து இறைக்கத் தொடங்கினோம். சப்பாத்தை யாருக்கோ கொடுத்துவிட்டேன். அப்புவின் நொண்டல் வீட்டில் ஒரு சாமான்போல ஆகிவிட்டது. எல்லோரும் சுற்றிப் போய் வந்தோம். எண்பதாம் ஆண்டளவில் அவரால் கோயிலில் கும்பிட்டு விழுந்து எழும்ப முடியாமல் போனது. அதுவும் மூன்று திருவிழாவுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் பார்த்துவிட்டுத் துண்டு எழுதித் தந்தார். அதே விறாந்தை, அதே கடைசி அறை. மிஸி மாற்றலாகிப் போய்க் கன வருஷம் என்றார்கள். ஒரு இளம் பெடியன் இருந்தான். மண்பைகள் மட்டும் அப்படியே இருந்தன.

அப்புவைக் கட்டிலில் படுக்கவைத்து முழங்காலை மடித்துப் பார்த்தான். பாதிக்கு மேல் மடியவில்லை. மடிக்கும்போது உள்ளே நறநறவென்றது எனக்கும் கேட்டது.

"அப்பு, முந்தி இந்தக் காலிலை ஏதும் அடி கிடி பட்டதோ? எப்பிடி வந்தது?"

அப்பு முகட்டைப் பார்த்தபடி, "பந்தடிச்சு வந்தது" என்றார்.

பெடியன் அவருடைய வேட்டியையும் நரைத்த தலையையும் பார்த்தான். "நீங்கள் பந்தடிச்சனீங்களோ?"

"நானில்லை. உவன்."

நாடியால் என்னைக் காட்டினார். பகிடி விடுகிறார் என்று நினைத்துப் பெடியன் சிரித்தான். அப்பு சிரிக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அந்த மாசியிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஏறியிருக்கிறார்.

பெடியன் துவாயைச் சுருட்டி அவருடைய முழங்காலுக்குக் கீழே வைத்தான். அமத்திக்கொண்டு பத்து எண்ணச் சொன்னான். அப்புவுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவை இருக்கவில்லை. கிணற்றடியில் இரண்டு மாதம் மேலே நின்று பார்த்தவர். தொடையை இறுக்கி, வாய்க்குள் எண்ணத் தொடங்கினார்.

"அண்ணை எந்த ரீமுக்கு விளையாடினனீங்கள்?" என்று பெடியன் என்னைக் கேட்டான்.

"ஒரு ரீமுக்கும் இல்லை" என்றேன்.

வெட்கம் வந்தது. அந்த முழங்காலை நினைத்து இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அது. அப்பு பத்து எண்ணி முடித்து, காலைத் தளர்த்தி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.